ஒரு மில்லிமீட்டர் ஈரம்

கேமரன் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிற கோலா தெர்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை விட்டால் மூட்டம். 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்டதும், மலையை வெட்டித் தேயிலை நடத் தமிழர்கள் வந்ததும் இந்த ஈரத்தை நம்பித்தான். 1963இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் திட்டம் தெலோம் ஆற்றைச் சுரங்கம் வழியாகத் திருப்பியதும் அதே ஈரத்துக்காகத்தான். கோலா தெர்லாவிலேயே அதன் சின்ன மின்நிலையம் ஒன்று உண்டு.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் இந்த ஈரம் ஆகவே ஆகாது. வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளைப் பிடிப்பதற்கு.

ஒன்றிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை நீளம் கொண்ட அலைகள் இவை. வானொலி அலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே இருப்பவை. நட்சத்திரம் பிறக்கும் இருண்ட வாயு மேகங்களை ஒளித் தொலைநோக்கியால் துளைத்துப் பார்க்க முடியாது. அந்த மேகங்களுக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டரில் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேரண்டத்தின் தொடக்கத்திலிருந்து மிச்சமாக வரும் 2.7 கெல்வின் வெப்பமும் இந்த அலைகளில்தான் வலுவாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த அலையைக் கடைசிச் சில கிலோமீட்டரில் விழுங்குவது நம் காற்றிலுள்ள நீராவி. விழுங்குவதோடு விடுவதில்லை, தானும் அதே அலைகளில் ஒளிர்ந்து குழப்பும்.

அதனால் இந்தத் துறையில் ஓர் ஊரை மதிப்பிட ஒரு விசித்திரமான அளவு இருக்கிறது. தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்? நம்மைப் போன்ற வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் பல பத்து மில்லிமீட்டர். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், நல்ல இரவுகளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். தென்துருவத்தின் குளிர்காலத்தில் அதைவிடவும் குறைவு. அலையும் மில்லிமீட்டர், ஈரமும் மில்லிமீட்டர். இரண்டாவது பெருகினால் முதலாவது வராது.

இந்த அலைகளின் வரலாற்றை நம்மிடையே சொல்லும்போது வழக்கமாக ஒரே பாட்டுத்தான். ‘நம்ம ஆளுதான் முதல்ல கண்டுபிடிச்சாரு, வெள்ளைக்காரன் பேரு வாங்கிட்டான்.’ அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியோடு நின்றுவிட்டால் வரலாற்றின் சுவையான பகுதி முழுவதும் போய்விடும்.

*

பாதி உண்மை ஜகதீச சந்திர போஸ். 1895இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் அவர் செய்து காட்டிய சோதனையில் கண்ணுக்குத் தெரியாத அலை சுவரைக் கடந்துபோய் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. அவர் உண்டாக்கிய அலைகளில் 5 மில்லிமீட்டர் வரை சிறியவை இருந்தன. 1897இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளை விளக்கினார். கலீனா என்ற ஈயத் தாதுவின் படிகத்தை வைத்து அவர் செய்த அலை உணரிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அதுவும் ஒன்று.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு ஒண்ணும் ஆகவில்லை. மார்க்கோனியின் வழியில் உலகம் நீண்ட அலைகளின் பக்கம் போனது, ஏனென்றால் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப அவைதான் உதவின. போஸ் தாவரங்களின் பக்கம் போனார். மில்லிமீட்டர் அலையை யாரும் திருடிவிடவில்லை. கல்கத்தாவிலும் சரி, வேறெங்கும் சரி, அதைத் தொடர்ந்து கையில் வைத்திருக்க ஆளில்லை, காரணமும் இல்லை. அவ்வளவுதான்.

போஸின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அமெரிக்காவில் கிட் பீக் மலையிலிருந்த 12 மீட்டர் தொலைநோக்கிக்கு 1990களில் ஒரு புதிய ஏற்பி செய்தார்கள். 1.3 மில்லிமீட்டர் அலையில், வானத்தின் ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல் பல புள்ளிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் ஏற்பி. அதை அமைத்தபோது போஸின் 1897 கட்டுரைகளிலிருந்து சில யோசனைகளை எடுத்துக்கொண்டதாக வானியலாளர் டாரல் எமர்சன் பதிவு செய்திருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து அந்தக் கட்டுரைகளைத் தேடிப் போனவர்கள் வேலைக்காகத் தேடிப் போனார்கள், பெருமைக்காக அல்ல.

*

போஸுக்கும் அந்த ஏற்பிக்கும் நடுவில் மாறியது குளிர்.

மில்லிமீட்டர் அலையின் ஒரு துகளிலுள்ள ஆற்றல், கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றலில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு. செல்பேசிக் கேமராவின் சில்லுக்குள் ஓர் எலக்ட்ரானை அசைக்க அது போதாது. அறை வெப்பநிலையில் இருக்கும் எந்தக் கருவியும் தன் சொந்தச் சூட்டிலேயே இதைவிட எத்தனையோ மடங்கு ஆற்றலில் சலசலத்துக்கொண்டிருக்கும். சந்தையில் நின்றுகொண்டு தூரத்துக் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வதுபோல. முதலில் சந்தையை அடைக்க வேண்டும்.

1880ஆம் ஆண்டு வாக்கில் சாமுவேல் லாங்லி செய்த போலோமீட்டர் என்ற கருவியில் அடிப்படை யோசனை இருந்தது. மெல்லிய உலோகப் பட்டையில் வெப்பம் பட்டால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை அளந்தால் வந்த வெப்பம் தெரியும். கால் மைல் தூரத்தில் மேயும் மாட்டின் சூட்டையே அது கண்டுவிடும் என்று சொல்வார்கள். 1908இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911இல் அதே ஆய்வகத்தில், 4.2 கெல்வினில் பாதரசத்தின் மின்தடை திடீரென்று மறைந்துபோனது. மீக்கடத்தல் இப்படித்தான் தெரியவந்தது. மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து நடக்கின்றன; அந்த இணையை உடைக்க மிகச் சிறிய ஆற்றல் போதும். மில்லிமீட்டர் அலையின் துகளிடம் இருப்பது கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றல்தான். கண்ணாடியைக்கூடக் கீற முடியாத அலை இங்கே கதவைத் திறந்துவிடுகிறது.

1979இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, இரு மீக்கடத்திப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய மின்காப்புப் படலம் வைத்த சந்திப்புகளை மில்லிமீட்டர் ஏற்பிகளாகப் பயன்படுத்திக் காட்டின. அதன் பிறகு கிண்ணம் எவ்வளவு பெரிது என்பதோடு கேள்வி முடியவில்லை. அதன் குவியத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்பதும் சேர்ந்துகொண்டது.

*

இனி தெற்கே வருவோம்.

போ தோட்டம் தொடங்கிய அதே 1929இல் சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராதாகிருஷ்ணன். சர் சி.வி. ராமனின் மகன். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்துவிட்டு சுவீடன், கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்று போனார். போன இடமெல்லாம் ஏற்பிகளைக் கையால் கட்டுகிறவராக இருந்தார். முனைவர் பட்டத்துக்காக எங்கும் உட்கார்ந்து ஆய்வேடு எழுதவில்லை. 1969இல் ஆஸ்திரேலியாவில் குக் என்பவரோடு சேர்ந்து வேலா துடிப்பு விண்மீனின் அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்று அளந்தார். துடிப்பு வருவது சுழலும் விண்மீனின் காந்த முனையிலிருந்து என்ற புரிதலுக்கு அந்த அளவீடு அடித்தளமானது. தந்தை 1970இல் இறந்த பிறகு, 1972இல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகத் திரும்பி வந்தார்.

அவர் திரும்பியபோது தமிழ்நாட்டு மலையில் ஒரு பெரிய கருவி ஏற்கனவே எழுந்திருந்தது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற அதே ஊரில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா நிறுவனத்தார் கட்டிய வானொலித் தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. அதே 11 பாகை சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காகப் படுக்கவைத்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுற்றினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலைநாட்டால் மட்டும் செய்யக்கூடிய தந்திரம் இது. 1970இல் அது வேலைக்கு வந்தது.

ஊட்டியில் மூட்டம் இல்லையா? இருக்கிறது. கேமரன் மலைக்குக் குறையாத மூட்டம். ஆனால் அந்தத் தொலைநோக்கி கேட்பது ஏறக்குறைய 92 சென்டிமீட்டர் அலையை. அவ்வளவு நீண்ட அலை நீராவியைப் பொருட்படுத்துவதே இல்லை. தேயிலைக்கு ஏற்ற மலை அந்த அலைக்கும் ஏற்றதாக இருந்தது.

ராதாகிருஷ்ணன் பெங்களூரில் எடுத்துக்கொண்டது கடினமான பாதையை. 1980களில் ராமன் ஆய்வுக் கழக வளாகத்திலேயே 10.4 மீட்டர் குறுக்களவுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி எழுந்தது. கலிபோர்னியாவில் ராபர்ட் லெய்ட்டன் வடிவமைத்த புகழ்பெற்ற கிண்ணங்களின் அதே அளவு. 3 மில்லிமீட்டர் அலையைப் பிடிக்க வேண்டுமென்றால் அவ்வளவு பெரிய கிண்ணத்தின் பரப்பில் மேடு பள்ளம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அந்தத் துல்லியத்தை எட்டினார்கள். ஆனால் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர்தான். பருவமழைக் காலத்தில் அந்த வானம் மில்லிமீட்டர் அலைக்குச் சுவர் மாதிரி. குளிர்கால மாதங்களில்தான் கொஞ்சம் திறக்கும். ஏற்பியும் மீக்கடத்தி அல்ல, குளிர்வித்த குறைக்கடத்தி டையோடு.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? தங்கள் ஊரிலிருந்து என்ன நன்றாகத் தெரியுமோ அதைப் பார்த்தார்கள். தென்வானத்தில் கம் நெபுலா என்று ஒரு பெரும் வாயுப் பரப்பு இருக்கிறது. ராதாகிருஷ்ணன் அளந்த வேலா துடிப்பு விண்மீன் அந்தத் திசையில்தான் இருக்கிறது. வாலோடு கூடிய சின்னச் சின்ன இருண்ட மேக உருண்டைகள் அந்தப் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. ஐரோப்பாவின், வட அமெரிக்காவின் தொலைநோக்கிகளுக்கு அவை தொடுவானத்தோடு ஒட்டியே தெரியும், அல்லது தெரியவே தெரியாது. பெங்களூரிலிருந்து பார்த்தால் போதுமான உயரத்தில் தெரியும். டி.கே. ஸ்ரீதரன் அந்த 10.4 மீட்டர் கிண்ணத்தைக் கொண்டு உருண்டைகளின் கார்பன் மோனாக்சைடு அலைகளைப் பிடித்தார். அவை ஒரு பொதுவான மையத்திலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கின்றன என்ற முடிவை 1992இல் வெளியிட்டார்.

ஈரமான ஊரில், சுமாரான ஏற்பியோடு, உலகத்தில் வேறு பலரால் எளிதில் செய்ய முடியாத ஒரு வேலை நடந்தது. இதற்கு ‘முதல்’ என்ற பட்டம் கிடையாது. ஆனால் போஸின் கல்கத்தாவில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. கருவி கட்டுகிறவர், அதை இயக்குகிறவர், அதில் பயின்று வேறிடம் போகிற மாணவர் என்று ஒரு தொடர்ச்சி இருந்தது. பெங்களூரில் இந்த அலைகளோடு பழகியவர்கள் பின்னாளில் ஹவாயின் மௌனா கியா மலைத் தொலைநோக்கிகள் வரை போனார்கள்.

*

அதற்குள் துறை வேகமெடுத்துவிட்டது. பெங்களூரு கிண்ணம் ஒரு நேரத்தில் வானத்தின் ஒரே ஒரு புள்ளியைக் கேட்கும். படம் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். ஒரே குவியத்தில் ஆயிரக்கணக்கான உணரிகளை வைக்க முடிந்தால்?

மௌனா கியாவிலுள்ள 15 மீட்டர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் 1997இல் நிறுவப்பட்ட ஸ்கூபா கருவியில் 128 உணரிகள் இருந்தன. 2011இல் அதன் இடத்தைப் பிடித்த ஸ்கூபா-2 கருவியில் பத்தாயிரத்துக்கும் மேல். தென்துருவத்தின் 10 மீட்டர் தொலைநோக்கி 2007இல் 960 உணரிகளோடு தொடங்கியது. பத்தாண்டு கழித்து அதிலிருந்தவை ஏறக்குறைய 16,000. இந்தத் தாவலைச் சாத்தியமாக்கியது மீக்கடத்திதான். இரண்டு வழிகளில்.

முதல் வழி, பால் பொங்கும் கணத்தில் அடுப்பை வைத்திருப்பது. மீக்கடத்திப் படலம் ஒன்றை, அது மீக்கடத்தியாக மாறும் விளிம்பிலேயே, முழுவதும் மாறாமலும் மாறாமல் இராமலும், பிடித்து நிறுத்துவார்கள். கொதிநிலைக்குச் சற்று முன்னால் இருக்கும் பாலுக்கு ஒரு சுள்ளி போதும், பொங்கிவிடும். அதுபோல, துளி வெப்பம் பட்டாலும் படலத்தின் மின்தடை செங்குத்தாக ஏறும். இந்த விளிம்பில் படலத்தை நிலையாக நிறுத்துவதுதான் பெரும்பாடு. அதற்கு நம்பகமான மின்சுற்று முறையை 1995இல் கென்ட் இர்வின் காட்டினார். ஸ்கூபா-2இல் இந்தப் படலங்கள் இருப்பது ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்கு வெப்பநிலையில்.

இரண்டாவது வழி ஜலதரங்கம். 2003இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு குழு அறிவித்தது. ஒவ்வொரு உணரியும் ஒரு மீக்கடத்திச் சுற்று. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியில் அதிரும். வானத்திலிருந்து வந்த துகள் எலக்ட்ரான் இணையை உடைத்தால் அந்தச் சுருதி லேசாக இறங்கும். ஜலதரங்கக் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினால் ஒலி இறங்குவது போலத்தான். ஆயிரம் கிண்ணத்துக்கும் சுருதி வேறு வேறு என்பதால், ஒரே கம்பியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டு, எந்தக் கிண்ணத்தில் சொட்டு விழுந்தது என்று பிரித்துவிடலாம். குளிர்பெட்டிக்குள் ஆயிரம் கம்பிகளை இழுத்து, அவற்றோடு வெளிச்சூட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த தலைவலி இதில் பெருமளவு தீர்ந்தது.

*

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைநோக்கிதான் வறண்ட மலையைக் கேட்கிறது. உணரி கேட்பதில்லை. அது பிறப்பது ஊருக்குள்: அமெரிக்காவின் போல்டரிலும் பாசடீனாவிலும், நெதர்லாந்தின் ஆய்வகங்களிலும், தூசி புகாத அறைகளில். சிலிக்கான் தட்டில் படலம் பூசி, வடிவம் செதுக்கி, கடைசியில் முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகச் சில்லிலிருந்து சட்டகத்துக்கு இணைக்க வேண்டும். அலுமினியக் கம்பி, நுண்ணோக்கி, நிதானமான கை. ஒரு கம்பி விட்டுப்போனால் அந்த உணரி குருடு.

இந்த வேலையை மலேசியாவில் யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையைத் திறந்தது பினாங்கில், 1972இல். அந்த ஆண்டுகளில் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வரிசையாக நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, சில்லுக்குத் தங்கக் கம்பியைக் கையால் இணைத்தவர்கள் இளம்பெண்கள். மலாய்க் கம்பங்களிலிருந்து வந்தார்கள், சீனர் வீடுகளிலிருந்து வந்தார்கள், தோட்டத்து லயங்களிலிருந்தும் வந்தார்கள். கொழுந்து கிள்ளிய, பால்மரம் சீவிய குடும்பங்களின் விரல்கள் ஒரே தலைமுறையில் அங்கே போய்ச் சேர்ந்தன. மீக்கடத்தி அணிகளின் கடைசிக் கட்டக் கைவேலை அவர்கள் செய்ததன் நெருங்கிய உறவு. ஆனால் நம் வரலாறுகளில் அது அறிவியலின் கீழ் வருவதில்லை, கூலியின் கீழ்தான் வருகிறது. அங்கேயும் அரைப் பத்தி.

ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்றவரின் மகன், பட்டத்தைவிடப் பற்றவைப்புக் கோலை நம்பியவர். கருவியைக் கட்டும் கைக்கும் வானத்தைப் புரிந்துகொள்ளும் மூளைக்கும் நடுவே அவர் கோடு போடவில்லை. 2011 மார்ச்சில் அவர் இறந்தபோது, மில்லிமீட்டர் வானியலின் மையம் அட்டகாமாவுக்கும் தென்துருவத்துக்கும் போய் நெடுநாளாகிவிட்டது. பெங்களூரு கிண்ணத்தைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். இடத்தைப் பார்த்தால் அது சரியாகவும் தோன்றும். ஆட்களைப் பார்த்தால் தோன்றாது.

கோலா தெர்லாவுக்கு மேலுள்ள வானம் மில்லிமீட்டர் அலைக்கு மூடியே இருக்கும். அதை மாற்ற யாராலும் முடியாது. அதற்காக ஒப்பாரி வைக்கவும் வேண்டாம், ‘அன்றே நம்மவர்’ என்று மார்தட்டவும் வேண்டாம். ஈரமான ஊரிலிருந்து எந்த அலை கேட்கும், எந்த வேலை நடக்கும் என்று முத்தோரையும் பெங்களூரும் கேட்டதைப்போல் நாமும் கேட்டிருக்கலாம். நம்மிடம் கை இருந்தது, தூசியில்லா அறையும் இருந்தது. அவற்றை ஒரு கேள்வியோடு இணைக்கத்தான் யாருமில்லை.

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதில் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 1972இல் பதினெட்டு வயதில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கம்பி, எந்தக் கோணத்தில் ஊசியை இறக்கினால் கம்பி அறாது, கண் எப்போது எரிய ஆரம்பிக்கும், மேற்பார்வையாளர் என்ன சொல்லித் திட்டுவார் – எல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியாகவோ பெரியம்மாவாகவோ அவர்களில் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள்.